மசனோரிக்குக் குரல் கொடுப்பவர்

மனோர் பார்க்
08.04.2009

அன்புள்ள குலம்,

வீட்டுக்காரி சிவமலரின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். உமது சுகத்தைக் கேட்டால் "ஒண்டுமில்லை மாஸ்ரர்" என்றுதான் பதில் வரும். அதனால் கேட்கவில்லை.

நீர் சொன்னதிலிருந்து நான் உமக்குப் போன் எடுப்பதேயில்லை. வன்னியிலிருந்து யசோ எடுக்கிற நேரம் பார்த்து என் தொணதொணப்பு லைனைப் பிடித்து வைத்திருக்கக் கூடாது. மார்ச் தொடக்கத்துக்குப் பிறகு மகளின் குரல் வரவில்லை என்கிறீர். அங்கே போன் வைத்திருக்கிறவர்களைத் தேடிப் போவதே பெரிய பாடாக இருக்கும். எடுப்பாள். அதுவரை நமக்குத் தபால்காரர் இருக்கிறார்.

இத்துடன் அடுத்த பகுதியின் வசனம். முப்பது வருஷம் சுண்ணக்கட்டி பிடித்த கை ஜப்பான்காரரின் கார்ட்டூனுக்குத் தமிழ் எழுதும் என்று யார் கண்டது? மூன்று நகைத் திருடர், அவர்களைத் துரத்துகிற ஒரு பொலிஸ்காரன், திருடரோடு கூடவே போனாலும் ஒரு குண்டுமணியையும் தொடாமல் வாசலில் நிற்கிற வாள்வீரன் மசனோரி. இதிலே என்ன இருக்கிறது என்று முதலில் நினைத்தேன். இப்போது கோயிலில் பிள்ளைகள் என்னைக் கண்டால், "மாஸ்ரர், மசனோரி இந்த முறையாவது வாளை உருவுவானோ?" என்று கேட்கிறார்கள். திருடரைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

அவனுக்குக் குரல் கொடுப்பவர் நீர் என்பதால் இந்தப் பகுதியில் அவனுடைய வசனத்தை நன்றாகக் குறைத்திருக்கிறேன். வாய் தெரிகிற இடத்தில்தான் ஏதாவது சொல்ல வேண்டும். முதுகு தெரிகிற இடங்களில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் என் வழக்கம் உமக்குத் தெரியும். தாய் நோயாகக் கிடக்கிற பிள்ளையை எழுப்பிப் பாடம் சொல்லச் சொல்லமாட்டேன். பேசாமல் பக்கத்துப் பிள்ளையைக் கேட்பேன்.

பாராளுமன்றத்துக்கு முன்னால் ஆர்ப்பாட்டச் சனத்துக்குள் உம்மைக் கண்டேன். கிட்ட வர முடியவில்லை. ஒரு பொடியன் உம்மைப் பார்த்து, "அங்கிள், வாய் திறந்தாப் பல்லுக் கொட்டாது, கொஞ்சம் கத்துங்கோவன்!" என்றான். நீர் சொன்னது எனக்குக் கேட்டது: "நீர் கத்தும் தம்பி. நான் நிக்கிறன்."

மசனோரி தோற்றுப்போனான் என்று சிவமலரிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

அன்புடன்,
கிருஷ்ணராசா


மோர்டன்
16.04.2009

மதிப்புக்குரிய மாஸ்ரருக்கு,

கடிதமும் வசனமும் கிடைத்தன. கோபிக்கக் கூடாது, ஒன்று சொல்ல வேண்டும்.

என் வசனங்களைத் திருப்பித் தாருங்கள்.

பாண் சுடுகிற தொழிற்சாலையில் இரவு ஷிப்டில் இரண்டு காதிலும் அடைப்பான் வைத்துக்கொண்டு நிற்கிறேன். எனக்குப் பக்கத்தில் நிற்பவர் போலந்துக்காரர். தலையை ஆட்டுவார், நானும் ஆட்டுவேன். விடிய வீட்டுக்கு வந்தால் போனும் நானும். கிழமை முழுவதும் நான் வாய் திறந்து தமிழ் பேசுகிற இடம் டூட்டிங்கில் சந்திரகுமாரின் அந்தச் சின்ன ஸ்டூடியோதான். வானொலி நாடகத்தில் ராசாவாகவும் மந்திரியாகவும் பேசிய வாய் இது. நீங்கள் அனுப்பியதைப் போன ஞாயிறு பேசி முடிக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. சந்திரகுமார் "அண்ணை, இண்டைக்கு வேளைக்கே முடிஞ்சுது, லக்கிதான்" என்றான். நான் பஸ் தரிப்பிடத்தில் சும்மா இருந்துவிட்டு வந்தேன்.

உங்கள் வகுப்புப் பிள்ளையும் மாஸ்ரர் தன்னை எழுப்பிக் கேட்கமாட்டாரா என்று பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம்.

யசோ இன்னும் எடுக்கவில்லை. அக்காவுக்கு முழங்காலுக்கு எண்ணெய் பூசச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
குலசேகரம்


மனோர் பார்க்
21.04.2009

அன்புள்ள குலம்,

நீர் சொன்னது சரி. நாற்பது வருஷத்துக்குப் பிறகு அந்தப் பிள்ளைகளின் முகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

புதுப் பகுதி இத்துடன். அவன் முதுகு திரும்பி நிற்கிற இடத்திலெல்லாம் பேச வைத்திருக்கிறேன். ஜப்பான்காரன் கேட்டால் வழக்குப் போடுவான். பூனை தொலைந்து போகிற கதை. அதிலே மசனோரி மீனைப் பற்றி ஒரு நீண்ட பேச்சுப் பேசுகிறான். அப்படி ஒரு பேச்சு அவன் பேசவேயில்லை, முழுவதும் என் கைச்சரக்கு. சிரிக்காமல் பேசும் பார்ப்போம்.

யசோ வந்து சேர்ந்ததும் என்ன செய்வது என்று இங்கே பேச்சு நடக்கிறது. மேல் அறையிலிருந்த பழைய புத்தகங்களைச் சிவமலர் என்னைக் கொண்டே இறக்குவித்துவிட்டாள். "பொம்பிளைப் பிள்ளை உங்கடை தூசிக்குள்ளை படுக்கிறதோ?" என்கிறாள். வன்னியில் பாலர் வகுப்புக்குப் படிப்பித்தவளுக்கு இங்கே ஒரு நேர்சரியில் வேலை எடுக்கலாம். முதலில் ஆங்கிலம். அதற்கும் முதலில், சிவப்பு பஸ்ஸில் மேல்தட்டில் முன் சீற்றில் இருத்தி ஊரைச் சுற்றிக் காட்ட வேண்டும். லண்டனை விளங்கிக்கொள்ள அதைவிட நல்ல வகுப்பு இல்லை.

அன்புடன்,
கிருஷ்ணராசா


மனோர் பார்க்
27.05.2009

அன்புள்ள குலம்,

யுத்தம் முடிந்துவிட்டது, எல்லாம் முடிந்துவிட்டது என்கிறார்கள். என்ன முடிந்தது என்று யோசிக்கத் தொடங்கினால் இந்தக் கடிதத்தை எழுத ஏலாது. அதனால் யசோவை மட்டும் யோசிக்கிறேன். செட்டிகுளம் முகாம்களில் இலட்சக்கணக்கில் சனம். எங்கள் கோயில் நித்தியானந்தன் வீட்டில் தங்கையைக் காணவில்லை என்று இரண்டு மாதம் அழுதார்கள்; போன கிழமை ஒரு முகாமிலிருந்து எடுத்துப் பேசினாளாம். "அண்ணை, எனக்கு ஒரு சோடிச் செருப்பு அனுப்பு" என்றுதான் முதலில் சொன்னாளாம். அது போலத்தான் யசோவும். போன் எடுக்க வரிசையில் நிற்பாள். முன்னுக்கு நிற்கிற கிழவிகளை முதலில் எடுக்க விட்டிருப்பாள். நீர் சொன்ன கதைகளைக் கொண்டு பார்த்தால் அப்படித்தான் செய்கிற பிள்ளை.

தள்ளித் தள்ளிப் போன ஒலிப்பதிவு ஞாயிறு முடிந்ததும் சந்திரகுமார் எனக்குப் போன் எடுத்தான். மீன் பேச்சை நீர் பேசினபோது அவன் சிரித்து இரண்டு தரம் கெடுத்துவிட்டானாம். மூன்றாம் தரமும் நீர் முகம் மாறாமல் பேசினீராம். "அண்ணை மனுசனில்லை, மெசின்" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஏழாம் தேதி வைகாசிப் பூரணை. இங்கே முருகன் கோயிலில் யசோவின் பெயரில் அர்ச்சனை செய்ய இருக்கிறோம். கட்டாயம் வாரும். மதியம் சாப்பாடு எங்கள் வீட்டில். கத்தரிக்காய்ப் பால்கறி.

அன்புடன்,
கிருஷ்ணராசா


மோர்டன்
01.06.2009

மதிப்புக்குரிய மாஸ்ரருக்கு,

கோயிலுக்கு வர வசதிப்படாது. சாப்பாட்டுக்கும் மன்னிக்க வேண்டும். ஒலிப்பதிவு செய்த சீடியைச் சந்திரகுமார் உங்களிடம் கொடுக்கச் சொன்னான்; அன்று பின்னேரம் வாசலில் தந்துவிட்டுப் போவேன்.

யசோவைப் பற்றி எழுதியதைத் திரும்பவும் வாசித்தேன். அவள் வரிசையில் கிழவிகளை முன்னுக்கு விடுவாள் என்றது உண்மைதான். அவள் அப்படித்தான். இன்னும் எழுதுங்கள்.

குலசேகரம்


மனோர் பார்க்
09.06.2009

குலம்,

இதை எழுதுவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

சிவமலர் விடியற்காலையில் எழும்பிச் சமைத்தாள். கோயிலில் அந்த முழங்காலோடு நின்று, உமது மகளின் பெயரும் நட்சத்திரமும் சொல்லித் தீர்க்காயுள் கேட்டாள். நீர் வந்தீர், சீடியைத் தந்தீர், படலைக்கு உள்ளே கால் வைக்கவில்லை. "என்ன குலம், விருந்தாளி மாதிரி வெளியிலை நிக்கிறியள், ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றாள். "இல்லையக்கா, அவசரம்" என்றீர். அவள் திரும்பி உள்ளே போய் அர்ச்சனை விபூதியை எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாள். கையை நீட்டாமல், "மதிலிலை வையுங்கோ, எடுக்கிறன்" என்றீர். எடுக்காமலே போய்விட்டீர்.

அன்று மழை பெய்தது. சிவமலர் சன்னலுக்குள்ளால் அந்த மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாம் என்ன பிழை விட்டோம்? உமது துயரம் பெரிது, எனக்குத் தெரியும். ஆனால் உமது மகளுக்காக நின்று கும்பிட்டவளின் கையிலிருந்து ஒரு சிட்டிகை திருநீறு வாங்க ஏலாதோ? வாள்வீரன் வேஷம் ஸ்டூடியோவோடு நிற்கட்டும். யசோ நாளைக்கு இந்த வீட்டுக்கு வரப்போகிறவள். அவளுக்கு முன்னால் நாம் இப்படி நிற்கக் கூடாது.

பதில் எழுதும்.

கிருஷ்ணராசா


மோர்டன்
15.06.2009

மாஸ்ரர்,

எனக்குத் துடக்கு.

மே இருபத்திரண்டாம் தேதி செட்டிகுளத்திலிருந்து போன் வந்தது. யசோ என்று நினைத்துத்தான் எடுத்தேன். அவளோடு படிப்பித்த பிள்ளை. இருவரும் ஒரே பங்கருக்குள் இருந்திருக்கிறார்கள். யசோ தண்ணீர் எடுக்க வெளியே போனாளாம். அந்தப் பிள்ளை தன் கண்ணால் கண்டது. சந்தேகமில்லை. "அங்கிள், நாங்கள் அவவை ஒரு துணியாலை போத்திப்போட்டுத்தான் வந்தனாங்கள்" என்றாள். எனக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னாள். ஆறுதலாகத்தான் இருந்தது.

நான் அன்று வேலைக்குப் போனேன். ஞாயிறு போய் மீன் பேச்சையும் பேசினேன். நல்ல பேச்சு மாஸ்ரர், உங்களுக்கு அது கைவந்திருக்கிறது.

உங்களிடம் சொல்லத்தான் இருந்தேன். கடதாசி எடுத்துவைத்த அன்று உங்கள் கடிதம் வந்தது. அதிலே அவள் வரிசையில் நின்றாள். அதற்கு முந்தின கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். அதிலே பஸ்ஸில் மேல்தட்டில் முன் சீற்றில் இருந்தாள். எனக்கு அவளை அங்கிருந்து இறக்கிவிட மனம் வரவில்லை. என் வீட்டில் அவள் இல்லை, போனிலும் இல்லை. உங்கள் எழுத்துக்குள் மட்டும் இருந்தாள். சொன்னால் அங்கேயும் இல்லாமல் போவாள்.

சாவுத் துடக்கோடு கோயில் விபூதியைத் தொட முடியாது; அக்காவின் வீட்டுக்குள்ளும் வர முடியாது. வாசலில் வைத்து அக்காவுக்குச் சொல்லியிருக்கலாம். அவ அப்போதுதான் தீர்க்காயுள் கேட்டுவிட்டு வந்திருந்தா.

கேள்விப்பட்ட நாளிலிருந்து எண்ணினால் வரும் ஞாயிறு முப்பத்தோராம் நாள் கிரியை. ஐயர் காலையில் வீட்டுக்கு வருவார். பக்கத்தில் யார் நிற்பது என்று கேட்டார். ஆளில்லை என்று சொல்லிவிட்டேன். பிறகு உங்கள் கடிதம் வந்தது.

குலசேகரம்


மனோர் பார்க்
17.06.2009

அன்புள்ள குலம்,

உமது கடிதத்தைப் படிக்கட்டில் நின்று வாசித்தேன். பிறகு சிவமலருக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் எழும்பி மேல் அறைக்குப் போய்விட்டாள். நான் போய்ப் பார்த்தபோது, விரித்து வைத்திருந்த கட்டிலில் இருந்துகொண்டு, "விபூதியெண்டு நான் அந்த மனுசனுக்கு எவ்வளவு பேச்சுப் பேசிப்போட்டன்" என்றாள். பேசியது நான். அவளுக்கு அந்த வித்தியாசம் படவில்லை.

நான் கடைசியாக எழுதிய கடிதத்தைக் கிழித்துவிடும். மற்றவற்றை வைத்திருந்தால் வைத்திரும். அவற்றில் எழுதியதெல்லாம் நான் நம்பி எழுதியவை.

உமக்கு ஆறுதலாக ஓர் உதாரணம் எழுதப் பார்த்தேன். வகுப்பறைக் கதைகள் எத்தனையோ இருக்கின்றன. ஒன்றும் இதற்குக் கிட்ட வரவில்லை.

ஐயரிடம் ஆளிருக்கிறது என்று சொல்லும். ஞாயிறு காலை முதலாவது ரயிலில் வருகிறோம். இலையும் பூவும் ஈஸ்ட் ஹாமில் வாங்கிவருகிறேன். நீர் அலைய வேண்டாம். உமக்குச் சொல்ல ஏலாமல் போனால் அவளுடைய பெயரையும் நட்சத்திரத்தையும் ஐயருக்கு நான் சொல்லுவேன். அல்லது நீரே சொல்ல விரும்பினால், நான் குறுக்கே பேசமாட்டேன்.

ஒன்று மட்டும். சிவமலர் உம்மைக் கண்டதும் கத்தி அழுவாள். இங்கத்தைச் சுவர்கள் மெல்லியவை, பக்கத்து வீட்டுக்காரர் வந்து தட்டுவார்கள். தட்டட்டும். நீர் அழ வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவளை மட்டும் தடுக்க வேண்டாம்.

கிருஷ்ணராசா