கீழ்வரிசை விதைக்கட்டிகள்

மார்ச் 5, செவ்வாய்

காலையில் மருத்துவமனையில் இருக்கும் என் தீனி மெஷினில் ஒரு சிப்ஸ் பாக்கெட் சுருளில் மாட்டிக்கொண்டு நின்றது. வந்தவர் போனவர் எல்லாம் கண்ணாடியைக் குத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். காசு போட்டால் கம்பிச் சுருள் சுற்ற வேண்டும், பாக்கெட் முன்னால் நகர்ந்து கீழே விழ வேண்டும். என் பிழைப்பே இந்த விழுதல்தான். சுருளை மாற்றினேன். மதியம் வரை நல்ல நாள்.

மதியம் நகர உணவுக் கொள்கைக் கூட்டம். விற்பனை மெஷின்களில் எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்று புது விதி போடப்போகிறார்களாம். வியாபாரி என்ற முறையில் நானும் போனேன். யோகா ஆசிரியர்கள் சார்பில் பேச மேடையேறியவன் என் தம்பி.

என்னோடு எட்டு வருஷம் மெக்கானிக்காக இருந்தவன். எங்கள் முதல் மெஷின் பழைய இரும்புக் கடையில் கிடந்தது. அதற்கு உயிர் கொடுத்தவனே அவன்தான். பிறகு முதுகுவலி, பிறகு யோகா, பிறகு சொந்தமாக யோகா பள்ளி. இப்போது எள்ளும் பேரீச்சையும் சேர்த்து விதைக்கட்டி வேறு செய்து விற்கிறான். போகட்டும், நானும் வாழ்த்தித்தான் அனுப்பினேன்.

இன்றைக்குத் திரையில் ஒரு படம் போட்டான். நான் மெஷினுக்குள் தலையை விட்டுக் குனிந்து நிற்கிறேன். பின்னாலிருந்து எடுத்தது. திரை முழுக்க என் பின்பக்கம்.

"இது எங்க அக்கா. எங்க அக்கா கை வச்சா எதுவும் வித்துடும். அதான் பிரச்சனையே" என்றான். அரங்கமே சிரித்தது.

அந்தப் படத்தை அவன் எடுத்த நாளில் நானும்தான் சிரித்தேன். அது எங்களுக்குள். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பது அவனுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் போட்டான்.

மார்ச் 6, புதன்

தூங்கவில்லை. அவன் என் வாசலுக்கு வரணும். வந்து, அந்தப் படத்தைப் போட்டது தப்புன்னு தன் வாயால சொல்லணும். அதுவரைக்கும் விடமாட்டேன்.

மார்ச் 14, வியாழன்

விதி வந்துவிட்டது. ஒவ்வொரு மெஷினிலும் பாதி இடம் பச்சை முத்திரை உணவுக்கு. சர்க்கரை, உப்பு, எண்ணெய் மூன்றும் அளவுக்குள் இருந்தால்தான் பச்சை முத்திரை. இதுவரை இந்த ஊரில் அதை வாங்கியிருக்கும் ஒரே தீனி எது? என் தம்பியின் விதைக்கட்டி. விதி வருமுன்னே அடுப்பைப் பற்றவைத்திருக்கிறான். வியாபாரம் யாரிடம் கற்றான் என்று கேட்க வேண்டியதில்லை.

ஆக, அவனிடம்தான் நான் சரக்கு எடுக்க வேண்டும். ஒப்பந்தத்தை ஆள் மூலம் அனுப்பியிருந்தான். வீட்டு வாசல் தெரியாதவன் மாதிரி. அதில் பெருமையாக ஒரு வரி: கட்டியில் கெடாமல் வைக்கும் மருந்து எதுவும் சேர்ப்பதில்லை, தேதி தாண்டியதை நிறுவனமே திரும்பப் பெற்றுக்கொள்ளும்.

இவர் படித்துவிட்டு, "உன் தம்பி நல்லவனாத்தான் இருக்கான்" என்றார். வீட்டுக்காரர் இப்படித்தான். யாரையும் நல்லவன் என்றுவிட்டால் அன்றைய வேலை முடிந்தது அவருக்கு.

நான் விதியை எடுத்து வரிவரியாகப் படித்தேன். பாதி இடம் என்று இருக்கிறது. எந்தப் பாதி என்று எங்கேயும் இல்லை.

மார்ச் 20, புதன்

எல்லா மெஷினிலும் ஏற்றியாயிற்று. என் சரக்கு மேலே, அவன் சரக்கு கீழே.

இது வெளியாளுக்குப் புரியாது. மெஷினில் கண்ணுக்கு நேரே இருக்கும் வரிசைதான் கடைத்தெரு முனை. நெஞ்சுக்கு நேரே இருப்பது நடுத்தெரு. முழங்காலுக்குக் கீழே போனால் அது சுடுகாடு. பசித்தவன்கூடக் குனிந்து பார்க்க மாட்டான். எடுபடாத சரக்கைத் தள்ளிவிட நான் வைத்திருந்த இடம் அது. அடிவரிசையில் இடதுமூலை இன்னும் மோசம், அங்கே விளக்கு வெளிச்சமும் எட்டாது. அவன் பெயர் பெரிதாக அச்சிட்ட பெட்டியைப் பிரித்து, அந்த மூலையிலிருந்துதான் அடுக்க ஆரம்பித்தேன்.

"பாவம்டி" என்றார் இவர்.

"பச்சை முத்திரைக்கு எதுக்கு வெளிச்சம்? தானா ஒளிவிடும்" என்றேன்.

ஏப்ரல் 8, திங்கள்

முதல் திருப்பு. தேதி தாண்டிய கட்டிகள் பெட்டி பெட்டியாக அவன் பள்ளிக்குப் போயின. வேனில் ஏற்றும்போது நானே ஒரு கை கொடுத்தேன். இடுப்பு வலித்தது, பரவாயில்லை. இப்படி ஒரு வலி தினமும் வரட்டும்.

உணவு அலுவலர் அம்மாவும் இன்று சோதனைக்கு வந்தார். சின்ன உருவம், கனத்த கைப்பை. மெஷினை மேலிருந்து கீழ்வரை பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பாதின்னா இப்படியா வைப்பாங்க?"

விதியின் நகலை எடுத்துக் கொடுத்து, இதில் எந்தப் பாதி என்று இருக்கிறது, காட்டுங்கள் என்று பணிவாகக் கேட்டேன். ஒருமுறை வாசித்தார். மறுமுறை வாசித்தார். கையெழுத்துப் போட்டார். போகும்போது, அடுத்த தடவை விதி எழுதும்போது உங்களைக் கூப்பிட்டு எழுதணும் என்றார். கோபமா, பாராட்டா? இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 19, வெள்ளி

ஏதோ சரியில்லை. மருத்துவமனை மெஷினில் கீழ்வரிசை காலி. சுத்தமாகக் காலி. மேலே என் சிப்ஸ் அப்படியே நிற்கிறது.

சுருள் தானாகச் சுற்றிக் கொட்டியிருக்குமோ என்று திறந்து பார்த்தேன். இல்லை. விற்றிருக்கிறது.

அங்கே ஒரு நெட்டை நர்ஸ். என்னைப் பார்த்தாலே சில்லறை கேட்பவள். அவளிடம் விசாரித்தேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அவர்கள் வார்டில் நிறையப் பேர் என் தம்பியிடம்தான் யோகா பழகுகிறார்களாம். அடிவரிசைக் கட்டியை எடுக்க அவர்களுக்குள் ஒரு பந்தயம். கையைத் தரையிலோ கண்ணாடியிலோ ஊன்றக் கூடாது. குதிகால் தூக்கக் கூடாது. அடிவரிசையின் எண் குந்தினால்தான் கண்ணில் படும்; முழுசாகக் குந்தி உட்கார்ந்து, எண்ணைப் பார்த்து அழுத்தி, விழுந்த கட்டியை எடுத்து, அப்படியே எழுந்திருக்க வேண்டும். ஒற்றைக்காலில் செய்தால் ராணி.

"நீங்க நடுவுல வச்சிருந்தா யாரும் திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டோம்க்கா" என்றாள்.

ஏப்ரல் 20, சனி

வீடியோ போட்டிருக்காங்க. ஊரே பாக்குது. என் மெஷின், என் கரண்ட், என் இடவாடகை — அவனுக்கு விளம்பரம்! ஒருத்தி கால்விரலுக்கெல்லாம் தனித்தனியா உறை போட்ட காலுறையோட குந்துறா. ஒருத்தர் தொப்பையில தவளைப் படம் போட்ட பனியனோட வந்து, தவளை மாதிரியே உக்காந்து எடுக்கிறார். ஒரு கிழவர் எடுத்துட்டு எழுந்திரிக்க முடியாம அங்கேயே உக்காந்து தின்னுட்டார், அதுக்குத்தான் கைதட்டல் அதிகம். தவளை பனியனை யாரோ விக்கவும் ஆரம்பிச்சாச்சு. அதையாவது நான் யோசிச்சிருக்கணும்.

புதைச்ச இடத்துல முளைச்சு நிக்கிறான்.

சாயங்காலம் அவனிடமிருந்து செய்தி. கூட்டத்துக்குப் பிறகு முதல் செய்தி. "அக்கா, கீழ வச்சதுக்கு நன்றி."

போனைச் சோபாவில் எறிந்தேன். இவர் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் பால்கனிக்குப் போய்விட்டார். இந்த வீட்டில் எனக்கென்று ஒரு ஆள் கிடையாது.

ஏப்ரல் 21, ஞாயிறு

சாப்பிடப் பிடிக்கவில்லை. சாப்பிட்டேன்.

ஏப்ரல் 27, சனி

இன்று சரக்கு ஏற்றவில்லை. மருத்துவமனை மெஷினுக்கு எதிர் பெஞ்சில் நோயாளி மாதிரி உட்கார்ந்து பார்த்தேன். கோபத்தில் கணக்குப் போட்டால் தப்பாகத்தான் வரும். சரக்கு விற்கிற இடத்தில் உட்கார்ந்து கண்ணால் பார்க்க வேண்டும். நான் தொழில் கற்றது அப்படித்தான்.

பார்த்தேன். குந்துகிறார்கள், எடுக்கிறார்கள், எழுகிறார்கள், கைதட்டுகிறார்கள். பிறகு? கட்டியைப் பையில் போட்டுக்கொண்டு போகிறார்கள். பிரித்துத் தின்றவர்கள் குறைவு. தின்றவர்களும் நாக்கை விட்டுப் பல்லைத் துழாவிக்கொண்டே நடந்தார்கள். ஒட்டுகிறது.

அப்படியானால் அவர்கள் கட்டியை வாங்கவில்லை. கீழ்வரிசையை வாங்குகிறார்கள். கீழ்வரிசை யாருடையது? என்னுடையது.

சந்தேகம் தீர நானும் ஒருமுறை குந்திப் பார்த்தேன். உட்காருவது எளிது. எழுவதற்கு நெட்டை நர்ஸ் வரவேண்டியிருந்தது.

மே 16, வியாழன்

என் வறுத்த வேர்க்கடலைக்குப் பச்சை முத்திரை கிடைத்துவிட்டது. உப்பு இல்லை, சர்க்கரை இல்லை, எண்ணெய் ஒரு சொட்டு ஊற்றவில்லை. பதமாக வறுத்து, தோல் ஊதி, கைப்பிடியளவு பொட்டலம். உணவு அலுவலர் அம்மா ருசி பார்க்க ஒன்றைப் பிரித்து, பேசிக்கொண்டே பொட்டலத்தைக் காலி செய்தார். நான் இன்னொன்றை நகர்த்தி வைத்தேன். அதை மட்டும் தள்ளிவிட்டார். நேர்மையான மனுஷி.

இன்றே மாற்றி அடுக்கினேன். அவன் விதைக்கட்டி கண்ணுக்கு நேரே, விளக்கு வெளிச்சத்தில், ராஜா மாதிரி. என் கடலை அடிவரிசையில்.

அவனுக்கு ஒரு செய்தியும் அனுப்பினேன். "தம்பி, உன்னைக் கீழே வைக்க மனசு கேக்கல. மேலே ஏத்திட்டேன்."

பார்த்துவிட்டான் என்று குறி விழுந்தது. புரிந்திருக்கும்.

ஜூன் 3, திங்கள்

மறுபடியும் திருப்பு. இந்தத் தடவை வேன் இரண்டு நடை போனது. கண்ணுக்கு நேரே கட்டியை யார் வாங்குவார்கள்? அங்கே பந்தயம் இல்லை. குந்துகிறவர்கள் எல்லாம் கடலையோடு எழுகிறார்கள். கைதட்டல் எனக்கு.

வேன்காரர் ஒரு செய்தி கொண்டுவந்தார். தம்பி கட்டி செய்வதை நிறுத்திவிட்டானாம், அடுப்பைக்கூட விலை பேசுகிறானாம். கேட்டதும் நன்றாகத்தான் இருந்தது. இவரிடம் சொன்னபோதும் நன்றாக இருந்தது. இவர் பாதிச் சாப்பாட்டில் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். அதற்குப் பிறகு அவ்வளவு நன்றாக இல்லை.

ஆனாலும் அவன் இன்னும் வரவில்லை. நான் கேட்டது அடுப்பை இல்லையே.

ஜூன் 12, புதன்

வந்தான்.

கிடங்கில் கடலைப் பொட்டலங்களின் வாய் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம். என் கிடங்கில் செருப்பைக் கழற்றுகிற ஒரே ஆள் அவன்தான். இளைத்திருந்தான். யோகா இளைப்பு இல்லை, இது வேறு.

நான் உட்காரச் சொல்லவில்லை. அவனாகவே ஒரு பெட்டியில் உட்கார்ந்தான்.

"கிளாஸ் முடிஞ்சதும் எல்லாரும் உன் மெஷினைத் தேடி மருத்துவமனைக்கு ஓடுறாங்க. எங்க ஹால்லயே ஒண்ணு வச்சிடு. என்ன வைக்கணும்னு நீயே முடிவு பண்ணு."

"வாடிக்கையாளரா வந்தியா, தம்பியா வந்தியா?"

பெட்டியின் ஓரத்தைச் சுரண்டினான். பிறகு, "அன்னைக்கு அதைப் போட்டிருக்கக் கூடாது" என்றான்.

"எதை?"

"அதான்க்கா."

"எதுடா?"

"அந்தப் படத்தை."

"இவருக்குக் கேக்கல" என்று சொல்லி, பின்கட்டில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டேன். இவர் பசை கையோடு வந்து நின்றார். தம்பி அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், எழுந்து நின்றான்.

"எல்லாரும் சிரிக்கணும்னு எங்க அக்கா படத்தை மேடையில போட்டேன். தப்பு. சிரிச்சாங்க. எனக்கு அன்னைக்கே நல்லா இல்ல. ஆனா மேடையில நிக்கும்போது நிறுத்தத் தெரியல."

இவர் பசைக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தார். அவசரப்பட்டு முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. மூன்று மாதம் காத்திருந்து வாங்கிய சரக்கு இது. நின்று நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டாமா?

கடைசியில், "உன் கட்டி பல்லுல ஒட்டுதுடா. பேரீச்சையைக் குறைச்சு, எள்ளைக் கூட்டு. அளவையும் பாதியாக்கு. சுருள்ல அழகா நகரும்" என்றேன்.

"அடுப்பு விக்கிறதா இருக்கேன்."

"விக்காத."

மெஷினுக்குச் சம்மதித்தேன். ஒப்பந்தத்தில் ஒரு சலுகையும் கொடுக்கவில்லை. கையெழுத்துப் போடும்போது ஒரு பொட்டலம் கடலையைப் பிரித்துத் தின்றான். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. முழுவதையும் தின்றான்.

ஜூன் 22, சனி

மெஷினை நானே போய் நிறுத்தினேன். யோகா பள்ளி என்றால் ஏதோ குடிசை மாதிரி நினைத்திருந்தேன். பெரிய ஹால், மரத்தரை, வெள்ளைத் திரை. பின்சுவர் ஓரமாக வைக்க இடம் காட்டினான்.

நான் சரக்கு அடுக்கி முடிக்கவும் வகுப்பு முடிவுக்கு வரவும் சரியாக இருந்தது. எல்லோரும் மல்லாந்து படுத்துவிட்டார்கள். கண் மூடி, உள்ளங்கை விரித்து. தம்பி அவர்கள் நடுவே மெதுவாக நடந்து, ஊர்க்கவலை எல்லாம் உடம்பை விட்டு இறங்குகிறது என்று தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு சின்னச் சத்தம் இல்லை. மூச்சுகூட வரிசையாகப் போய்வந்தது.

புது மெஷினைச் சோதிக்காமல் போக முடியாது. தொழில் நெறி. மேல்வரிசையில் தண்ணீர் பாட்டில் வைத்திருந்தேன். பொத்தானை அதே பொத்தானை மறுபடி அழுத்தினேன்.

சுருள் சுற்றி, பாட்டில் அவ்வளவு உயரத்திலிருந்து தட்டில் விழுந்தது. ஹால் முழுக்க இடி. படுத்திருந்தவர்கள் அத்தனை பேரும் ஒன்றாக எழுந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் பூகம்பம் என்றே சொல்லிவிட்டார்.

தம்பி வந்தான். குந்தி உட்கார்ந்து, தட்டுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தான். விழும் சத்தம் கேட்காமலிருக்க அடியில் ஒரு ரப்பர் மெத்தை போடுவோம். அந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்ததே அவன்தான்.

"ரப்பர் எங்கக்கா?"

"மறந்துட்டேன்."

"நீயா?"

"வயசாகுதுல்ல."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். உதட்டோரம் இழுத்தது, அடக்கிக்கொண்டான். கையை ஊன்றாமல் எழுந்து போய், எல்லோரையும் மறுபடி படுக்கச் சொன்னான். கண்ணை மூடச் சொன்னான். எல்லோரும் மூடினார்கள். அவன் மட்டும் மூடவில்லை, சுவரில் சாய்ந்துகொண்டு என் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அழுத்தினேன்.