நடுவில் நின்ற முள்

அன்புள்ள சின்னவனுக்கு,

அக்கா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. நலம் என்று தொடங்க ஆசைதான், ஆனால் நேற்று மதியத்திலிருந்து எனக்குக் கைகால் ஓடவில்லை. சாப்பிட்டாயா என்று உன் அத்தான் இரண்டு முறை கேட்டுவிட்டார். சாப்பிட்டேனா என்று எனக்கே தெரியவில்லை.

வீட்டில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. அத்தானுக்கு முட்டிவலி. மாடி ஏறும்போது படிக்கட்டைத் திட்டிக்கொண்டே ஏறுகிறார். மகள் வேலைக்குப் போகிறாள். முன்பெல்லாம் மாமா எப்போது வருவார் என்று கேட்பாள். இப்போது கேட்பதில்லை.

அப்பாவின் பழைய லாரி, அந்த மூக்கு வண்டி, மறுபடியும் ஓடுகிறது. எஞ்சின் இறுகி நின்றுபோன நாளிலிருந்து கொட்டகையில்தான் கிடந்தது, பூனை குட்டி போட. பழைய வண்டிகளுக்குக் கண்காட்சி நடத்துகிறவர்கள் வந்து பார்த்தார்கள். ஓடுகிற நிலையில் கொண்டுவந்தால் முன்வரிசையில் நிறுத்துவதாகச் சொன்னார்கள். அத்தானும் நானும் ஆறு மாதம் எஞ்சினைப் பிரித்துப் போட்டு வேலை பார்த்தோம். போன வாரம் முதல் சாவியிலேயே பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தான் புகை கண்ணில் பட்டுவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஒரே ஒரு குறை இருந்தது. எஞ்சின் சூட்டைக் காட்டுகிற டெம்பரேச்சர் மீட்டர். சாவியைத் திருப்பியதும் முள் எழுந்து சரியாக நடுவில் போய் நின்றுகொண்டது. எஞ்சின் பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்து கிடக்கும்போதே நடுவில்! அரை மணி நேரம் ஓட்டி, ரேடியேட்டர் கொதிக்கிற பதத்துக்கு வந்தபோதும் அதே நடு. மயிரிழை அசையவில்லை.

எஞ்சினில் இருக்கும் சென்சார்தான் போயிருக்கும் என்று நினைத்தேன். கழற்றி, பால் காய்ச்சும் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதில் தொங்கவிட்டு, அத்தானின் கையில் மல்ட்டி மீட்டரைக் கொடுத்துச் சூடாக்கினேன். தண்ணீர் சூடாகச் சூடாக மின்தடை அளவு ஒழுங்காக இறங்கியது, அப்படித்தான் இறங்க வேண்டும். சென்சார் நன்றாகத்தான் இருந்தது. திரும்ப மாட்டி, அதன் ஒயரைப் பிடுங்கினேன். முள் கீழே விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. அதே ஒயரை எஞ்சின் மேல் தொட்டுப் பிடித்தேன். முள் சிவப்புக்குப் பாய்ந்திருக்க வேண்டும். பாயவில்லை. அப்படியென்றால் எஞ்சினிலிருந்து போகிற ஒயர் மீட்டரைச் சேரவே இல்லை என்று அர்த்தம். பிறகு யார் சொல்லி அந்த முள் நடுவில் நிற்கிறது?

டேஷ்போர்டைக் கழற்றினேன். பின்பக்கம் அந்த ஒயர் வெட்டப்பட்டு, நுனியில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. அது வரவேண்டிய இடத்தில் கிராம்பு அளவுக்கு ஒரு ரெசிஸ்டரை வைத்துப் பற்றவைத்து, அதன் இன்னொரு காலை வண்டியின் பாடியில் கொடுத்திருந்தார்கள். எஞ்சின் தீப்பிடித்து எரிந்தாலும் அந்த முள் நடுவில்தான் நிற்கும். வேண்டுமென்றே செய்த வேலை.

தம்பி, டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நீ ஓட்டிப்போன அன்று அந்த ஏற்றத்தில் எஞ்சின் கொதித்து ஹோஸ் வெடித்து, உன் வலது கை வெந்து, கட்டுப் போட்டுக்கொண்டு லாரி ஸ்டாண்டில் நின்று நீ சொன்னது என் காதில் அப்படியே கேட்டது.

"முள் நடுவுலதான்க்கா நின்னுச்சு. நான் பாத்துக்கிட்டேதான் வந்தேன்."

அத்தனை டிரைவர்கள் முன்னால் நான் என்ன சொன்னேன் என்பதும் கேட்டது. மீட்டர் பொய் சொல்லாது, நீதான் சொல்லுவாய் என்றேன். எதற்கும் மீட்டரைக் கழற்றிப் பார்க்கலாம் என்று அத்தான் சொன்னதற்கு, அவன் கண்ணைக் கழற்றிப் பாருங்கள் என்றேன். கை இப்போது எப்படி இருக்கிறது? இதைக் கேட்க எனக்கு நான்கு வருடம் ஆகியிருக்கிறது.

எவன் இந்தப் பாவத்தைச் செய்தான் என்று ஆத்திரம் பொங்கியது. நம் வண்டிக்கு எப்போதும் ஒயரிங் பார்ப்பவர் ஒருவர்தானே. அந்த ரெசிஸ்டரோடு மீட்டரைத் தூக்கிக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். மேஜையில் டொக்கென்று வைத்து, யார் வேலை இது என்று கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். தன் வேலைதான் என்றார். ஏன் செய்தீர்கள் என்று கத்தினேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"நீதானேம்மா செய்யச் சொன்ன?"

நான் இல்லை என்றேன். அவர் பொறுமையாகச் சொன்னார். முள் துள்ளிக்கொண்டே இருக்கிறது, பயமாக இருக்கிறது, மறுநாள் விடிந்ததும் லோடு ஏற்ற வேண்டும், ஒரே இடத்தில் நிற்கிற மாதிரி எதையாவது செய்து கொடுங்கள் என்று வாசலில் வண்டியை அணைக்காமல் நின்று கேட்டேனாம். ஒரு வாரத்தில் திரும்ப வா, வேறு மீட்டர் தேடிப் போட்டுத் தருகிறேன், அதுவரை தண்ணீரைப் பார்த்துப் பார்த்து ஓட்டு என்று சொல்லித்தான் அனுப்பினாராம்.

அவர் சொல்லச் சொல்ல எல்லாம் ஞாபகம் வந்தது. மழை பெய்தது. நான் இறங்கக்கூட இல்லை. அந்த வாரம் போய், அடுத்த வாரம் போய், முள் அமைதியாக நின்றதில் நான் அதை மறந்தே போனேன். இரண்டு மாதம் கழித்துச் சாவியை உன் கையில் கொடுத்தபோது ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான், சின்னவனே. வேறு யாரும் இல்லை. எழுதும்போதே என் கை எனக்கு அந்நியமாகத் தெரிகிறது.

இன்று காலை லாரி ஸ்டாண்டுக்குப் போனேன். அன்று நின்றவர்களில் பாதிப் பேர் இருந்தார்கள். ரெசிஸ்டரை உள்ளங்கையில் வைத்துக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். தவறு என்னுடையது, என் தம்பி சொன்னது நிஜம் என்றேன். லோடு புக்கிங் பார்ப்பவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அவன் அன்னைக்கே சொன்னானேம்மா" என்றார். அவ்வளவுதான். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அங்கேதான் இன்னொன்றும் தெரிந்தது. நீ இப்போது இருக்கும் ஊர்ப்பக்கம் லோடு கொண்டுபோன ஒருவர் உன்னைக் கிடங்கில் பார்த்தாராம். நீ தள்ளுவண்டி தள்ளுகிறாய் என்றார். அன்றைக்குப் பிறகு ஸ்டீயரிங்கைத் தொடவே இல்லை என்று நீயே சொன்னாயாம். உனக்குக் கவனம் போதாது என்று சொன்னாயாம். என் வார்த்தை அது. அதை நீ நம்பிவிட்டாயா?

அப்பா ஓட்டிப் பார்த்திருக்கிறேன், நானும் இருபது வருடம் ஓட்டியிருக்கிறேன். ஹோஸ் வெடித்து, கை வெந்து, எஞ்சின் செத்த வண்டியை அந்த ஏற்றத்தில் பின்னால் உருளவிடாமல் மண்மேட்டில் சாய்த்து நிறுத்த எங்கள் இருவராலும் முடிந்திருக்காது. இதை அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

மன்னித்துவிடு என்று எழுத எனக்குக் கை வரவில்லை, மன்னிப்பது உன் இஷ்டம். வா என்று கூப்பிடவும் உரிமை இல்லை. நீ எங்கே இருந்தாலும் உடம்பு சுகமாக, யாருக்கும் தலைகுனியாமல் இரு. வண்டி ஓட்டு. பதில் எழுது. திட்டி எழுது, பக்கம் பக்கமாகத் திட்டு. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் அக்கா