அம்மாவின் வேலை

செப்டம்பர் 9, செவ்வாய்

குழந்தைகளுக்கு வரும் எலும்புப் புற்றுநோயை இருபது வருடமாக ஆராய்கிறேன். அது ஏன் வருகிறது என்று இன்னும் எனக்குத் தெரியாது.

இன்று எம். புதுப்பட்டியில் ஒரு தாயைப் பார்த்தேன். அவளுடைய ஒன்பது வயது மகளுக்குத் தொடை எலும்பில் கட்டி. கர்ப்பமாக இருந்தபோது என்ன வேலை செய்தாள் என்று ஆய்வுப் படிவத்தில் உள்ளபடி கேட்டேன்.

"பட்டாசு ஆபீஸ்ல மருந்து அடைச்சேன். அதுனாலதான் வந்துச்சா, டாக்டரம்மா?"

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. பட்டாசு வாடையே தெரியாதவுக பிள்ளைகளுக்கும் வருது" என்றேன்.

அவள் நம்பவில்லை. "நீங்களும் இந்தப் பக்கந்தானாமே. ஒங்கம்மா என்ன வேலை பாத்தாக?"

"டீச்சர்" என்றேன். கல்லூரி விடுதியில் சேர்ந்த நாளிலிருந்து எல்லோரிடமும் சொல்லும் பொய். தானாக வாயில் வந்துவிட்டது.

"அதான் நீங்க நல்லா இருக்கீக" என்றாள்.

என் அம்மாவும் பட்டாசு ஆலையில் வெடிமருந்துதான் அடைத்தாள், திருத்தங்கலில். நான் பிறந்த அன்று காலையிலும் வேலைக்குப் போயிருக்கிறாள். ஒரே ஒரு ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தத் தாயின் மனம் ஆற அந்த ஒரு ஆள், நான், போதும்.

திரும்பிப் போக பஸ்ஸில் ஏறினேன்; கிளம்பப் பத்து நிமிடம் இருந்தது. இறங்கிப் போய் அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஜன்னலோரம் உட்கார்ந்து, படிவத்தில் அவள் கையெழுத்து இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.