இடது, மேலே, பொறு

காமராசர் சாலை,
மதுரை – 9
6 ஜூலை 2008

அன்பு மகள் இந்துப்ரியாவுக்கு,

அப்பா ஆசிகளுடன் எழுதுவது. இங்கு நலம். போனில் நீ பேசுவது என் காதுக்குச் சரியாக எட்டுவதில்லை. ஆகவே கடிதம். வீட்டில் நாம் பேசுவது சௌராஷ்டிரம். எழுத உட்கார்ந்தால் தமிழாகிவிடுகிறது. அதனால் என் கடிதம் எனக்கே யாரோ எழுதியதுபோல் தோன்றுகிறது. பொறுத்துக்கொள்.

பெங்களூர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? கம்ப்யூட்டரில் சுட்டு விளையாடுவதற்குச் சம்பளம் தந்து லீக் நடத்துகிறார்கள் என்பதைச் சுந்தரவல்லி அத்தை இன்னும் நம்பவில்லை. எதிர்வீட்டார் காதில் விழட்டும் என்று தமிழிலேயே கேட்டாள்: "ஏண்ணே, பொண்ணு என்ன பண்ணுதுன்னு கேட்டா, துப்பாக்கி சுடுதுன்னா சொல்றது?" கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொய்யில்லை. மெய் என்றும் சொல்ல வாய் வரவில்லை.

நாம் பேசி வைத்தது நினைவிருக்கும். இந்த ஒரு சீசன். அணி அடுத்த வருடமும் உன்னை வைத்துக்கொண்டால் நான் வாய் திறக்கமாட்டேன். இல்லையென்றால் நீ வீட்டுக்கு வந்து, அத்தை பார்த்திருக்கும் ஜவுளிக்கடை வரனுக்குச் சம்மதிக்க வேண்டும். இதை மறுபடி எழுதுவது சரியா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

உன் அப்பா,
துளசிராம்

பெங்களூர்
20 ஜூலை 2008

அன்புள்ள அப்பாவுக்கு,

சாப்பாடு மோசம். ஆட்டம் பிரமாதம். நாலு ஆட்டத்தில் மூன்றில் ஜெயித்துவிட்டோம்!

நீங்கள் பிசிக்ஸ் வாத்தியார், ஒழுங்காக விளக்காவிட்டால் விடமாட்டீர்கள். ஐந்து பேர் குண்டு வைக்கப் பார்ப்பார்கள், எதிரணி ஐவர் தடுப்பார்கள். மேடையில் இரண்டு மேசைகள், நடுவே பத்தடிகூட இருக்காது. நாங்கள் கத்துவது அவர்களுக்குக் கேட்கும், அவர்கள் கத்துவது எங்களுக்குக் கேட்கும். இங்கிலீஷில் கத்தினாலும் தமிழில் கத்தினாலும் மாட்டிக்கொள்வோம்.

இப்போது கேளுங்கள். எங்கள் அணியில் இருக்கும் ராகேஷ் நம் மதுரைக் கைத்தறி நகர்ப் பையன், வீட்டில் நம் பாஷைதான். ஒருநாள் அவசரத்தில் அவனிடம் நம் பாஷையில் கத்திவிட்டேன். எதிரணி புரியாமல் விழித்தது! இப்போது அணி முழுக்க நம் பாஷைதான். மற்ற மூவருக்கும் நானும் ராகேஷும் முப்பது சொல் கற்றுக்கொடுத்திருக்கிறோம். எங்கள் கேப்டன் 'இடது' என்று நம் பாஷையில் சொன்னால், அத்தை ஷேர் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசுவதுபோலவே இருக்கிறது.

அம்மா போன பிறகு இந்தப் பாஷை வீட்டில் நாம் இரண்டு பேர் பேசிக்கொள்ள மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். இப்போது அதுதான் எனக்குச் சோறு போடுகிறது. அரையிறுதி ஆகஸ்ட் 30, சென்னை அணியோடு. அதில் ஜெயித்தால் அணிக்கு ஸ்பான்சர் உறுதி, எனக்கும் அடுத்த வருடம் உறுதி. அதுவரை முகாமில் போன்களை வாங்கி வைத்துவிடுவார்கள்.

உங்கள் இந்து

மதுரை
28 ஆகஸ்ட் 2008

அன்பு இந்துவுக்கு,

உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்கிறேன். கோரிப்பாளையத்தில் மருது என்பவர் நடத்தும் பிரௌசிங் சென்டருக்குப் போய் இன்டர்நெட்டில் உன் ஆட்டங்களைப் பார்த்துவருகிறேன். இங்கே தெரிந்தவர் கண்ணில் படுவோமோ என்றுதான் ஆற்றைத் தாண்டிப் போனேன். முதல் நாள் எதுவும் புரியவில்லை. மருது என் தோளைத் தட்டி, "சார், சுட்டது உங்க பொண்ணு! அம்புட்டுப் பேரும் காலி!" என்றார். சென்டரே திரும்பிப் பார்த்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை.

இன்னொரு செய்தி. மருது மூலம் விசாரித்துக்கொண்டு ஜோ என்ற இளைஞர் சென்னையிலிருந்து வந்தார். மொழி ஆராய்ச்சியாம். நம் பாஷையை ஒருவர் மதித்துக் கேட்டு எத்தனை காலமாயிற்று! மூன்று மதியம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். இடது, வலது, மேலே, சுவருக்குப் பின்னால், பொறு, இப்போது என்று அன்றாடச் சொற்களாகவே கேட்டார். உச்சரிப்பை நான்கு முறை திருத்தினேன். அவரும் சளைக்கவில்லை. நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

நாளை மறுநாள் ஜெயித்து வா. இதை மனதாரத்தான் எழுதுகிறேன்.

அப்பா

பெங்களூர்
2 செப்டம்பர் 2008

அப்பாவுக்கு,

தோற்றுவிட்டோம். நான் 'மேலே' என்று வாய் எடுக்கும்போதே அவர்கள் மேலே பார்த்தார்கள். நான் 'பொறு' என்றால் அவர்கள் பாய்ந்தார்கள். பாதி ஆட்டத்தில் ராகேஷ் பேசுவதையே நிறுத்திவிட்டான்.

ஜோ சென்னை அணியின் மேலாளர். அவர்கள் மேசைக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். முடிந்ததும் என்னிடம் வந்து, நம் பாஷையில், சுத்தமான உச்சரிப்பில், 'நன்றாக ஆடினாய்' என்றார். அந்த இழுப்பு உங்களுடையது, அப்பா. அப்போதும் எனக்கு விளங்கவில்லை. திங்கட்கிழமை உங்கள் கடிதம் வந்தது.

ஸ்பான்சர் விலகிவிட்டார். அணியைக் கலைக்கிறார்கள்.

ஒன்று கேட்கிறேன். உங்களுக்குத் தெரியாதா?

இந்துப்ரியா

மதுரை
9 செப்டம்பர் 2008

அன்பு மகளுக்கு,

நான்கு முறை எழுதிக் கிழித்தேன். 'தெரியாது' என்ற ஒரு சொல்லை எழுதினால் போதும் என்பதும் தெரிகிறது.

ஜோ அணி மேலாளர் என்று தெரியாது. இது சத்தியம். ஆனால் இரண்டாம் நாள் மதியம், ஆராய்ச்சி செய்பவர் தண்ணீர், தாய், நெருப்பு என்று எதையும் கேட்கவில்லையே என்று எனக்குத் தோன்றியது. முப்பது வருடம் வகுப்பெடுத்தவனுக்கு, மாணவன் எதற்காகக் கேட்கிறான் என்பது கேள்வியிலேயே தெரிந்துவிடும். அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கூச்சமா, பாடத்தைப் பாதியில் விட முடியாத பழக்கமா, அல்லது நீ தோற்றால் வீட்டுக்கு வந்துவிடுவாய் என்று உள்ளே எங்கோ ஓர் ஆசையா? திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறு விடை வருகிறது.

இந்த ஊரில் நம் பாஷை தெரிந்தவர் ஆயிரக்கணக்கில் உண்டு, நான் இல்லாவிட்டால் வேறொருவர் சொல்லியிருப்பார் என்றும் எழுதிப் பார்த்தேன். அதைத்தான் முதலில் கிழித்தேன்.

நம் ஒப்பந்தம் ரத்து. அத்தையிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீ எங்கே இருக்க விரும்பினாலும் இரு. ஆனால் ஒரு வரி எழுது.

அப்பா

பெங்களூர்
21 செப்டம்பர் 2008

அப்பாவுக்கு,

ஒப்பந்தத்தை ரத்து செய்ய வேண்டாம். தோற்றால் வருவதாகச் சொன்னேன், தோற்றேன், வருகிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ரயில். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். ஜவுளிக்கடைக்காரர்களை எப்போது வேண்டுமானாலும் பெண் பார்க்க வரச்சொல்லுங்கள். நான் என்ன வேலை பார்த்தேன் என்பதை மட்டும் உள்ளபடி சொல்லிவிடுங்கள்.

என் கேள்விக்கு நீங்கள் எழுதிய பதிலை இரண்டு முறை படித்தேன். நீங்கள் பொய் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

இன்னொன்று. வீட்டில் இனி தமிழிலேயே பேசிக்கொள்வோம். நம் பாஷையில் வாய் திறந்தாலே பின்னால் யாரோ நின்று கேட்கிறார்கள் என்று தோன்றுகிறது. பழகிக்கொள்ளுங்கள். கடிதத்தில் பழகியதுதானே.

இந்துப்ரியா