அம்மா ஐந்து மணிக்குக் கிளம்பினாள்

சுகுபா, மார்ச்

அன்புள்ள யோஹெய்க்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம், அப்பாவும் நலம், அவருடைய வாய் எங்கள் இருவரையும்விட நலம். நார்வேக் குளிரில் நீ சுகமாக இருந்தால் எனக்கு அதுவே போதும். போன தடவை குராத்தாவைப் பற்றிப் புலம்பியிருந்தேனே, என் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் ஒல்லிப் பிள்ளை, அவனுக்கு இந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிவதாக இருந்தது, மனைவிக்கோ நிறைமாதம். மதிப்பீட்டுக் குழுவிடம் ஒழுங்கான நுண்துகளைக் காட்டினால்தான் வேலை நிலைக்கும் என்றிருந்தது. சர்க்கரைகள் கைகோத்த வளைய மூலக்கூறு ஒன்று, அதன் ஒரு பக்கத்தில் கொழுப்பு வால்களை ஒட்டுகிறோம். அசிட்டோனில் கரைத்துத் தண்ணீரில் விட்டால், தண்ணீர் பிடிக்காத வால்கள் உள்ளே ஒளிந்துகொள்ளும், வளையங்கள் தாமாகவே அடுக்கடுக்காகச் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாகும், அவற்றில் மருந்தை ஏற்றலாம். அசிட்டோன் மெல்ல ஆவியாகும்வரை யாரும் தொடக்கூடாது, அவ்வளவுதான். ஆனால் இலையுதிர் காலத்திலிருந்து எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் வெறும் கசடு. ரசாயனம் விற்றவனைத் திட்டினேன், தண்ணீரைத் திட்டினேன், குராத்தாவையும் திட்டினேன், பாவம், தலைகுனிந்து வாங்கிக்கொண்டான்.

ஜனவரியில் ஒரு நாள் பல்வலி தாங்காமல் ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டேன். மறுநாள் காலை பார்த்தால் குடுவையில் லேசாக நீலம் ஓடிய பால்நிறம்! எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தால் உருண்டைக்குள் வரிவரியாக அத்தனை ஒழுங்கு. நேற்று என்னடா செய்தீர்கள் என்று எல்லாரையும் பிடித்து உலுக்கினேன். குராத்தாதான் கடைசியில், "ஒண்ணுமே செய்யல சென்செய், நீங்க போனதும் நாங்களும் வீட்டுக்குப் போயிட்டோம்" என்றான். மற்ற நாட்களில் என்ன செய்வீர்களாம் என்றேன். "நீங்க உள்ள உட்கார்ந்திருக்கறப்ப நாங்க எப்படிக் கிளம்புறது? சும்மா நிக்கவும் கூச்சமா இருக்கு. அதான் போறப்ப வர்றப்ப ஆளுக்கொரு தடவை குடுவைய ஆட்டி ஆட்டிப் பார்ப்போம்" என்று இழுத்தான். நானோ, பிள்ளைகள் வேலை செய்கிறார்களே, எப்படி விட்டுவிட்டுப் போவது என்று தினமும் வயிறு காய உட்கார்ந்திருந்தேன்!

அன்றிலிருந்து ஐந்து மணிக்கு வீடு. மாட்டிக்கொண்டது உன் அப்பாதான். டாக்டர் கூடாதென்ற பன்றிக்கறி வறுவலோடு டிவியில் சுமோ மல்யுத்தம் பார்த்துக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் தட்டைக் கணப்பு மேசையைச் சுற்றித் தொங்கும் போர்வைக்குள் தள்ளிவிட்டு, "என்ன, வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களா?" என்றார். பாதி கவலை, பாதி எரிச்சல்.

நேற்று மதிப்பீடு நடந்தது, குராத்தாவுக்கு இன்னும் மூன்று வருடம் கிடைத்துவிட்டது. திரையில் காட்டிய கடைசிப் படத்தில் எல்லாருக்கும் நன்றி போட்டிருந்தான். என் பெயருக்கு நேரே, "தக்க நேரத்தில் இல்லாமலிருந்து உதவியவர்." அரங்கமே கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் கண் கலங்கிவிட்டது. அத்தனை திட்டையும் குனிந்து வாங்கியவனுக்கு என்னைக் கிண்டல் செய்யத் துணிச்சல் வந்துவிட்டதே!

கம்பளி உள்சட்டை அனுப்பியிருக்கிறேன், அழகு பார்க்காமல் போட்டுக்கொள். குறையொன்றும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா,
ஃபுமியே