கழுவிய கல்

வெள்ளிக்கிழமை, இரவு.

முருகேசன் என் கல்லை மாற்றிவிட்டான் என்றே சாயங்காலம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். புற ஊதா டார்ச் அடித்தால் மஞ்சள் கலந்த பச்சையாய் ஒளிரும் கல் அது. நான் சேர்த்ததிலேயே உசத்தியானது. வீட்டில் காட்டிவிட்டுத் தருகிறேன் என்று போன வாரம் வாங்கிப்போனான். இன்று திருப்பித் தந்தான். டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒளிரவே இல்லை.

“என்னடா பண்ணுன இதை?”

“ஒண்ணும் பண்ணலயே. அழுக்கா இருந்துச்சுன்னு தேய்ச்சுக் கழுவிக் கொண்டாந்தேன்.”

என் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. அவனும் கல் சேர்ப்பவன். ஓரத்து உடைசல் மட்டும் அப்படியே இருந்தது. அதையும் பார்த்து வேறு கல்லில் செதுக்கியிருப்பானோ?

வாசல்நிலைக்கு மஞ்சள் பூசிவிட்டு வந்த மனைவி, “அதை இங்கிட்டு அடிக்காதீங்க, கண்ணு கூசுது” என்று கையால் மறைத்தாள். அவள் விரல்கள் அதே மஞ்சள்பச்சையில் ஒளிர்ந்தன.

அந்தக் கல்லை விராலிமலைப் பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் எடுத்தேன். மஞ்சள் பூசிக் கும்பிடும் சாமிக் கற்களுக்குப் பக்கத்தில்.

முருகேசனுக்கு இன்னும் போன் செய்யவில்லை. பெட்டியில் மற்ற கற்கள் இருக்கின்றன. ஒன்றையும் நான் கழுவியதில்லை. கழுவுவதாகவும் இல்லை.