கதவுப்பிடியில் ரொட்டிப் பை

நவம்பர் 6

கோஷித்ஸே நகரில் விடாத மழை. முந்தாநாள் விலங்குக் காப்பகத்திலிருந்து கொண்டுவந்த முயல் இன்றும் காய்ந்த புல்லைத் தொடவில்லை. அங்கே அதற்குப் பெர்லா என்று பெயர். எனக்கு முயல் என்றால் போதும். கை நீட்டினால் பின்காலால் தரையை அறைகிறது.

எதிர்வீட்டு வலேரியா என் கதவுப்பிடியில் மறுபடி ஒரு பை மாட்டியிருக்கிறாள். காய்ந்த ரொட்டி. கட்டடத்தில் ஒருவர் முயல் வளர்த்தால் எல்லா வீட்டு ரொட்டியும் அவரிடம்தான் வந்து சேரும்.

படியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "என்ன இஞ்சினியரம்மா, கிறிஸ்துமஸுக்கா, ஈஸ்டருக்கா? இப்படி எலும்பா இருந்தா சட்டிக்கு ஆகாதே."

"இது தின்னுறதுக்கு இல்ல."

"அப்ப எதுக்கு?"

எதற்கு? தெரியவில்லை.

முயலுக்கு ரொட்டி ஆகாது என்று காப்பகத்தில் சொல்லியிருந்தார்கள். திருப்பிக் கொடுத்தால் சண்டை. குப்பையில் போடலாமென்றால், ரொட்டி கடவுள் கொடுத்தது என்பார்கள், அதைப் போட இங்கே யாருக்கும் கை வராது. கடவுளை நம்பாத எனக்கும். மற்ற பைகளோடு அடுப்படிக் கதவுக்குப் பின்னால் வைத்தேன்.

நவம்பர் 7

புழுக்கைகூட இல்லை. மூலையில் குறுகி உட்கார்ந்து பல்லைக் கடிக்கிறது. மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"வயிறு கல்லு மாதிரி இருக்கு. ரொட்டி குடுத்தீங்களா?"

"நான் படிச்சவ, டாக்டர்."

"படிச்சவங்களும்தான் குடுக்குறாங்க."

மருந்து ஏற்றினார். புல் மாவைக் கரைத்து சிரிஞ்சால் ஊட்ட வேண்டுமாம். "குடல் அசையலன்னா பொழைக்காது" என்றார்.

வீட்டுக்கு வந்து அடுப்படிக் கதவை இழுத்தேன். ஒரு பையின் அடி கடித்துக் கிழிந்திருந்தது. பாதி ரொட்டி இல்லை.

எப்பத் தின்னுச்சு? நான் வேலைக்குப் போனப்பவா? கூண்டத் தெறந்து விட்டதும் நான்தானே. ஒரு பையத் தூக்கிப் போடத் துப்பில்ல, இதுல பட்டம் வேற —

எல்லாப் பைகளையும் அள்ளிக் கீழே போய்க் குப்பைத் தொட்டியில் கொட்டினேன். வலேரியா ஜன்னலில் நின்றாள்.

"ரொட்டியவா கொட்டுற? கீழ விழுந்த துண்ட எடுத்து முத்தம் குடுத்து வளந்தவங்க நாங்க."

"முத்தம் குடுக்குறதுன்னா உங்க வீட்லயே வெச்சுக் குடுங்க."

சொல்லியிருக்க வேண்டாம். ஆனாலும் சொன்னது பிடித்திருந்தது.

நவம்பர் 8

துண்டில் சுற்றி மடியில் வைத்து ஊட்டினேன். பாதி என் பாவாடையில். உன்னை யார் கேட்டது என்பதுபோல் பார்க்கிறது. யாரும் கேட்கவில்லைதான். வயிறு இன்னும் இறுகித்தான் இருக்கிறது.

நவம்பர் 9

புழுக்கை! மிளகைவிடச் சிறியது. அதைத் தாளில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன் — நான், ஒரு ஐம்பது வயதுக்காரி.

புல் நீட்டினேன். முதலில் விரலைக் கடித்தது. அப்புறம் புல்லை இழுத்துக்கொண்டது.

நவம்பர் 14

கதவுப்பிடியில் பை இல்லை. படியில் யாரும் எனக்கு வணக்கம் சொல்வதில்லை. நான் லிஃப்டில் ஏறினால் வலேரியா இறங்கிவிடுகிறாள்.

கதவைத் திறந்ததும் கேட்டது, பெர்லா மெல்லும் சத்தம். காலணியைக் கழற்றாமல் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.